மூடைக்காரி சும்மா

அக்காவின் வாக்குமூலத்தில் தவறாக விழுந்தது ஒரே ஒரு சொல். அதைத் திருத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

பரளச்சியிலிருந்து மிளகாய் வத்தல் மூடைகளோடு அருப்புக்கோட்டைக்குப் போன சின்ன லோடு வண்டி, ஒரு வளைவில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பிப் பள்ளத்தில் சாய்ந்தது. ஓட்டியவரே வண்டியின் உரிமையாளர். அவருக்குச் சிராய்ப்பு மட்டும். பக்கத்து இருக்கையில் இருந்த என் அக்காவின் முழங்கால் டேஷ்போர்டில் மோதி நொறுங்கியது. வண்டியில் இருந்த மூன்று மூடைகளும் அவளுடையவை, அவள் காட்டில் விளைந்தவை. நான் அப்போது மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் காவலர் கேட்டார்: "வண்டிக்காரருக்கு வாடகை குடுத்தியாம்மா?"

"எனக்கு எதுக்கு வாடகை? நான் சும்மாதேன் வந்தேன்."

தாளில் இப்படி ஏறியது: 'மேற்படி வாகனத்தில் இலவசமாகப் பயணம் செய்தேன்.' ஊசி மயக்கத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

காவலரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பேச்சில் வரும் சொல்லைத் துடைத்து அச்சுக்கு ஏற்றுவதுதான் என் பிழைப்பும். அந்தத் தாள் என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன்.

கால் மடங்காமல் போய்விட்டது. குனிந்து வத்தல் பொறுக்க முடியாது, களையெடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் கூலியாள் வைக்க வேண்டும். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். காப்பீட்டுக் கம்பெனியின் பதில் ஒன்றரைப் பக்கம். அதன் சாரம் ஒரு வரி: 'மனுதாரர் சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிய பயணி, எங்களுக்குப் பொறுப்பில்லை.'

அதன் பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் எந்த வண்டியும் சாலைக்கு வரக்கூடாது. ஆனால் வண்டிக்குள் இருக்கும் எல்லோருக்கும் அது பொருந்தாது. சரக்கு வண்டியில் வெறுமனே தொற்றிக்கொண்டு போகிறவர் அடிபட்டால் கம்பெனி கையை விரிக்கலாம். சரக்குக்கு உரியவரோ, அவர் அனுப்பிய ஆளோ சரக்கோடு போனால் கையை விரிக்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. அவர் மூடை மேல் உட்காராமல் முன் இருக்கையில் இருந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்புகளில் வந்த நிபந்தனை.

அக்கா முன் இருக்கையில்தான் இருந்தாள். மூடைகள் அவளுடையவைதான். குறுக்கே நின்றது அந்த ஒரு சொல்.

கம்பெனி தப்பித்தால் முழுத் தொகையும் வண்டிக்காரர் தலையில் விழும். அவரிடம் இருந்தது லோனில் வாங்கிய அந்த வண்டி ஒன்றுதான். ஒரு நாள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"எம்மேல கோவமா இருப்பிய."

"கோவம் இருக்கு. நீரு வளைவுல மிதிச்ச மிதிக்கு ரெண்டு அறை குடுத்திருக்கணும். உள்ள வாரும்," என்றாள் அக்கா. "கோர்ட்டுல வந்து உண்மையச் சொல்லும். மிதிச்சதயும் சேத்துச் சொல்லும்."

சாட்சி விசாரணைக்கு முன் சமரசப் பேச்சு நடந்தது. கேட்டதில் கால்வாசிக்கும் சற்றுக் கூடுதலாகத் தருவதாகக் கம்பெனி சொன்னது. வாங்கிக்கொள்ளலாம் என்றார் எங்கள் வக்கீல். நானும் அதையே சொன்னேன். நீதிமன்ற வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்கா, வக்கீலிடம் கேட்டாள்.

"அவுக எழுதுனது என்னாகும்? இலவசம்னு எழுதிருக்காகல்ல?"

"அது அப்படியே கிடக்கும்மா. சமரசத்தில் யார் சொன்னது சரி என்று பார்க்க மாட்டார்கள்."

"அப்ப நான் ஓசியில வந்தவன்னே கெடக்கும்."

"காகிதத்தில்தானே கிடக்கும், விடு," என்றேன் நான்.

"ஏலே, காகிதத்துல எழுதித்தான நீ சோறு திங்க? சும்மாவுக்கும் ஓசிக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் அங்க உக்காந்து எழுதுதியா?"

வக்கீல் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சமரசத் தாள் கையெழுத்தில்லாமல் திரும்பிப் போனது.

கூண்டில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். கம்பெனி வக்கீல் மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை.

"வாடகை கொடுத்தீர்களா?"

"குடுத்தேன்."

"இலவசமாக வந்ததாகக் காவல்துறையிடம் சொல்லியிருக்கிறீர்கள்."

"இலவசம்னு என் வாயில வரலைங்கய்யா. சும்மான்னு சொன்னேன்."

"இரண்டும் ஒன்றுதானே?"

"எப்பிடி ஒண்ணாகும்? எங்க பக்கத்துல மூடைக்கு இம்புட்டுன்னு வாடகை. மூடைக்காரி சும்மா. மூடை இல்லாம நான் மட்டும் போய்க் கை காட்டுனா அந்தாளு நிப்பாட்டவே மாட்டாரு."

"ஆக, உங்களுக்கென்று தனியாக எதுவும் கொடுக்கவில்லை."

"நான் கூடப் போகாட்டி மூடை தானா எறங்கி கமிஷன் கடைக்கு நடந்து போகுமாய்யா?"

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது. பிறகு அவர் 'சும்மா' என்ற சொல்லை அப்படியே, மேற்கோள் குறிக்குள் பதியச் சொன்னார். தட்டச்சர் ஒரு முறை திருப்பிக் கேட்டுவிட்டு அடித்தார்.

அடுத்து வண்டிக்காரர். மூடைக்குத்தான் வாடகை வாங்கியதாகவும், அக்கா முன்னால் இருந்ததாகவும் சொன்னார். வளைவில் வேகம் தன் தவறு என்பதையும் மறைக்கவில்லை. மூடைகள் இருந்ததற்குச் சாட்சி, காவல்துறை சம்பவ இடத்தில் எழுதிய மகஜரிலேயே கிடைத்தது: 'வத்தல் மூடைகள் மூன்று. ஒன்று கிழிந்து சாலையில் சிதறிய நிலையில்.' எழுதியவர் அதே காவலர். சொல்லில் தவறியவர் எண்ணிக்கையில் தவறவில்லை.

தீர்ப்பில் அக்கா 'சரக்கின் உரிமையாளர்' ஆனாள். மூடைக்கு வாடகை கொடுத்தவர் மூடையோடு செல்வதை இலவசப் பயணம் என்று கொள்ள முடியாது என்றும், கம்பெனியே தொகையைக் கட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கேட்ட தொகை முழுதாக வரவில்லை. சமரசத்தில் தருவதாகச் சொன்னதை விட அதிகம். 'சரக்கின் உரிமையாளர்' என்ற பத்தியை மட்டும் அக்கா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

வெளியே வந்தபோது கம்பெனி வக்கீல் எங்கள் பக்கம் வந்தார். மேல்முறையீடு செய்யச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதப் போவதாகவும், வழக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போகலாம் என்றும் சொன்னார். அது அவர் வேலை. மிரட்டலாகச் சொல்லவில்லை.

அக்கா கம்பை ஊன்றி நிமிர்ந்தாள்.

"போடுங்கய்யா. மதுரைக்கு மணிக்கொரு பஸ்ஸு இருக்கு. டிக்கெட்டு எடுத்தே வாரேன்."

பஸ்ஸில் இருவருக்கும் நான் சீட்டு எடுத்தேன். அவளுடையதைக் கையில் கேட்டு வாங்கி, ஊர்ப் பெயரைச் சரிபார்த்து, தீர்ப்பு நகலுக்குள் மடித்து வைத்தாள்.