குழாய்க்காரர் மாற்றிய பெட்டி

திருகாணி போட்டு மூடிய எதையும் திருப்புளியால் திறக்கலாம், திறந்ததைத் திரும்ப மூடிவிடலாம் என்பது குழாய்க்காரரின் கொள்கை. இதை அவர் குழாய்களோடு நிறுத்திக்கொண்டிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. மின்விசிறி, தையல் மிஷின், பக்கத்து வீட்டு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடி வரைக்கும் கை வைத்தவர். அவர் கை வைத்ததில் பாதி பிழைத்தது. அந்தப் பாதியைப் பற்றி மட்டும் வாய் ஓயாமல் பேசுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கை வைத்தது மனைவியின் கம்ப்யூட்டரில்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது. டாக்டர் அதைச் சொன்னபோது, அடைப்பு எடுத்தே பிழைப்பு நடத்திய மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு மிச்சமானது கண்களும் வலது கையில் ஒரு விரலும்தான். விரலுக்கடியில் ஒரு சின்ன சுவிட்ச். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மினுங்கிக்கொண்டு போகும். வேண்டிய எழுத்து வரும்போது அவள் சுவிட்சை அழுத்துவாள். வாக்கியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் அதைச் செய்தி வாசிக்கிற குரலில் படிக்கும். "நீங்கள் குளித்து இரண்டு நாள் ஆகிறது" என்று அந்தக் குரல் நாட்டு நடப்பைப்போல அறிவிக்கும்போது குழாய்க்காரர் வாய்விட்டுச் சிரிப்பார். திட்டு வாங்க அவருக்கு அவ்வளவு ஆசை.

கம்ப்யூட்டர் பழசு. அதன் ஃபேன் போடும் இரைச்சலில் ஃபோனில் ஒன்றும் கேட்காது. வெளியூரில் நர்ஸாக இருக்கும் மகள் ஒவ்வொரு ஞாயிறும் சாயங்காலம் கூப்பிடுவாள். "அம்மா பேசுறதே கேக்கலப்பா, மிஷின் சத்தம்தான் கேக்குது" என்று ஒவ்வொரு முறையும் குறைப்படுவாள். இந்த வாரம் கட்டாயம் கேட்டாக வேண்டும். கடல் தாண்டி ஒரு வேலை அவளைத் தேடி வந்திருந்தது. போனால் மூன்று வருடம் திரும்ப முடியாது. திங்கட்கிழமை காலை பதில் சொல்ல வேண்டும். அம்மா சொல்லாமல் முடிவெடுக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அம்மாவும் வாரம் முழுக்க யோசித்தாள். என்ன சொல்லப்போகிறாள் என்று குழாய்க்காரர் துருவித் துருவிக் கேட்டுப் பார்த்தார். "அவளிடம் நானே சொல்கிறேன். நீங்கள் சொன்னால் உங்கள் விருப்பத்தையும் கலந்து சொல்வீர்கள்" என்றது செய்திக் குரல். அது உண்மைதான். மகள் போகக்கூடாது என்பதுதான் அவர் விருப்பம்.

கம்ப்யூட்டருக்குச் சத்தம் போடாத புதுக் கேபினெட், அதாவது வெளிப்பெட்டி, ஒன்றை வாங்கிவந்தார். ஒரு மணி நேர வேலை என்று மனைவியிடம் சவால் விட்டார். உள்ளே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதுசில் மாட்டினார். போர்டு உட்கார்ந்தது, ஒயர்கள் சேர்ந்தன. இதோடு விட்டாரா? பழைய பெட்டியைத் தெருவில் போன இரும்புக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தும் விட்டார். பிறகுதான் பட்டனை அழுத்தினார்.

விளக்கு எரிந்தது. ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. "பாத்தியா?" என்று அவர் திரும்புவதற்குள் அணைந்துவிட்டது.

மறுபடி அழுத்தினார். வந்தது, போனது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். வந்தது, போனது. ராம் என்கிற மெமரிப் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு ஃபோன் போட்டார்.

"அண்ணே, போர்டு அடியில எங்கயாவது தகரத்துல இடிக்குதா பாருங்க."

பார்த்தார். ஒரு பித்தளைத் திருகு அதிகப்படியாக நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுத்தினார். வந்தது, போனது.

"அப்ப நான் வந்துதாண்ணே பாக்கணும். ஊர்ல இல்ல, செவ்வாக்கிழமை வரேன்."

"தம்பி, செவ்வாக்கிழமை வந்து என்னத்துக்கு ஆகும்!" என்று கத்தியவர், தப்பு தன்னுடையது என்று உறைத்து ஃபோனை வைத்தார்.

கட்டிலில் படுத்திருந்த மனைவி இமைக்காமல் பெட்டியின் முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை.

"பவர் சப்ளையா?" இரண்டு.

"போர்டு போயிடுச்சா?" இரண்டு.

"உனக்கு மட்டும் தெரியுமாக்கும்!" என்றார் எரிச்சலில்.

ஒரு முறை இமைத்தாள்.

அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை வந்த கடைக்காரர் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்ததை அவள் அன்றைக்கே பார்த்திருந்தாள். புதுப் பெட்டியின் பட்டன் அழுத்தினால் உள்ளேயே சிக்கிக்கொண்டது, கம்ப்யூட்டர் அணைந்த பிறகுதான் மெல்ல வெளியே வந்தது. பட்டனை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. நகத்தால் நெம்பியிருந்தால் போதும். அதை அவள் எதைக் கொண்டு சொல்வாள்? அவர் ஒயரைப் பற்றிக் கேட்டார், மெமரியைப் பற்றிக் கேட்டார், கரண்டைப் பற்றிக் கேட்டார். அத்தனைக்கும் அவள் இரண்டு முறை இமைத்தாள். பட்டனைப் பற்றிக் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஃபோன் அடித்தது.

நடந்ததைச் சொன்னார். மகள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "சரிப்பா. போகட்டுமான்னு அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

ஸ்பீக்கரைப் போட்டுக் கட்டிலருகே குனிந்தார். "பாப்பா போகட்டுமான்னு கேக்குறா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு ஒரு முறை இமைத்தாள். அவர் காத்திருந்தார். இன்னொரு முறை இமைத்துவிடமாட்டாளா என்று அவள் கண்ணையே பார்த்தார். இமைக்கவில்லை. இரண்டு என்று சொன்னால் ஃபோனில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"போகச் சொல்றாம்மா" என்றார்.

"வேற ஒண்ணும் சொல்லலையாப்பா?"

"உனக்குக் கஷ்டமா இருக்கா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். அவள் இமைக்கவில்லை, ஒரு முறையும் இல்லை, இரண்டு முறையும் இல்லை. கண் நிறைந்து வழிந்தது. இருண்ட திரையைப் பார்த்தபடி விரலால் சுவிட்சை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்தி விட்டாள், மறுபடி அழுத்தினாள், நிறுத்தவே இல்லை.

"அது என்னப்பா டக்கு டக்குனு சத்தம்?" என்றாள் மகள்.

குழாய்க்காரர் ஃபோனை அந்த விரலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"அம்மா பேசுறாம்மா."