கதிர் அனுப்பிய மெசேஜ்

1993-இல் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்சவள்ளிக்குப் பள்ளிக்கூடம் முடித்த வயது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மறுமுனையில் இருப்பது மாமியாரா, முதலாளியா, கோபித்துக்கொண்டு போன தம்பியா என்று ஊகிப்பாள். பேசி முடித்து வெளியே வந்தவர்களிடம் சில சமயம் கேட்டும் விடுவாள். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

பிறகு அறுவடை மெஷின் ஓட்டுகிற தேவநாதனைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்தாள். சில வருஷங்களில் சொந்தமாக ஒரு பெல்ட் வண்டி வாங்கினார்கள். டயருக்குப் பதில் பெல்ட் சுற்றுவதால் சேற்றிலும் இறங்குகிற அறுவடை வண்டி அது. பின்னால் இன்னும் இரண்டு சேர்ந்தன. தேவநாதன் வயலோடு சரி. எந்த வண்டி எந்த ஊருக்கு, யார் வயலுக்கு என்று முறை போடுவது அம்சவள்ளி. சம்பா அறுப்பு வந்தால் ஒவ்வொரு விவசாயிக்கும் போன் போட்டுச் சொல்லித் தொண்டை கட்டிப்போகும். அதனால்தான் 2012 கடைசியில், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் மெசேஜ் அனுப்பித் தரும் கம்பெனி ஒன்றைத் தேடிப் பிடித்தாள். பாண்டிச்சேரியிலிருந்து ஜெஸ்வின் என்பவர் வந்தார்.

"நம்பர்ல இருந்து போற மாதிரி அனுப்பலாம்க்கா. ஆனா அது விளம்பர வகை. விளம்பரம் வேணாம்னு எழுதிக் குடுத்தவங்களுக்குப் போவாது. இல்லன்னா பேரு வச்சிக்கலாம். இங்கிலீஷ்ல ஆறே எழுத்து. உங்ககிட்ட பதிஞ்சவங்களுக்கு எல்லாம் போய்ச் சேரும்."

"பேருன்னா, போன்ல நம்பருக்குப் பதிலா அந்தப் பேரே தெரியுமா?"

"ஆமாக்கா. பார்த்ததும் நீங்கதான்னு தெரிஞ்சிடும்."

அம்சவள்ளிக்கு அது பிடித்துவிட்டது. பூத்தில் இருந்த நாளில் போனை எடுத்த ஒவ்வொருவரும் முதலில் கேட்டது "யாரு பேசறது?" என்பதைத்தானே. அன்று முழுக்க ஆறெழுத்துக்காக மண்டையைக் குடைந்தாள். தன் பெயர் அடங்கவில்லை. புருஷன் பெயரும் அடங்கவில்லை. 'கதிர்' என்று எழுதிப் பார்த்தாள். கே, ஏ, டி, எச், ஐ, ஆர். கச்சிதமாக உட்கார்ந்தது.

முதல் மெசேஜ் போன அன்றைக்கே பெருமுக்கல்லிலிருந்து கெங்கம்மாள் என்ற விவசாயி போன் செய்தாள். "யாரோ கதிருன்னு ஒருத்தன் நாளைக்கு வர்றேன்னு மெசேஜ் போட்டுகிறான்மா. எங்க ஊட்டுக்காரரு என்னையே மொறைச்சிக்கினு இருக்காரு. உங்க வண்டி ஆளான்னு நீதான் கேட்டுச் சொல்லணும்." அம்சவள்ளி சிரித்துச் சமாதானம் சொன்னாள். போகப் போகப் பழகிவிடும் என்று நினைத்தாள்.

தை பிறந்து பனமலைப் பக்கம் அறுப்பு. இடையில் பருவம் தப்பி மழை கொட்டியது. ஏரிக்குக் கீழே பெரியதம்பி என்ற விவசாயியின் வயலுக்கு வண்டி போகும் என்று முந்தின நாளே கதிர் பெயரில் மெசேஜ் போயிருந்தது. மறுப்பு எதுவும் வராததால் வண்டி கிளம்பிப் போய் வயலில் இறங்கியது. பாதி தூரம்கூடப் போகவில்லை. பெல்ட் முழுக்கச் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது.

அம்சவள்ளி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு டிராக்டர்கள் சங்கிலி கட்டி இழுத்துக்கொண்டிருந்தன. விளைந்த நெல் மிதிபட்டுக் கிடந்தது. பெரியதம்பி வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே."

"சொல்லாம இன்னாம்மா? தண்ணி வடியல, வராதேன்னு பொண்ண உட்டு எழுதி அனுப்பிக்கினே இருந்தேன். போவலன்னே காட்டுது. நான் வயலுக்கு வர்றதுக்குள்ள வண்டி எறங்கிடுச்சி."

அவர் நீட்டிய போனை அவள் வாங்கிப் பார்த்தாள். கதிருக்கு எழுதிய பதில்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றின் பக்கத்திலும் போகவில்லை என்ற குறி.

"என் நம்பருக்குப் போட்டிருக்கலாமே?"

"நம்பர எடுத்துட்டு பேரா மாத்திக்கினே போலருக்குன்னு இருந்துட்டேன். பேரு வந்தப்புறம் பழைய நம்பரு எதுக்குன்னு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் போனில் தன் நம்பர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் தோன்றியது. இருந்தது, 'அறுப்பு அம்சா' என்று. வண்டி கரையேறும் வரை சும்மா நிற்க முடியாமல் டீக்கடைக்குப் போய், அங்கிருந்தவர்களிடமும் போனைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஒருவர் 'மிஷின்காரம்மா' என்று வைத்திருந்தார். இன்னொருவர் 'திண்டிவனம் பெல்ட்'. எழுதப் படிக்கத் தெரியாத மண்ணாங்கட்டி, கடைசி இரண்டு எண்ணை வைத்தே அவளை அடையாளம் தெரிந்துகொள்வாராம்.

ஆளுக்கு ஒரு பெயர் வைத்து அவளை ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஜெஸ்வினைக் கூப்பிட்டாள். "பேருக்குப் பதில் எழுதுனா வராதா தம்பி?"

"வராதுக்கா. பேரு ஒருவழிதான். நான் மொதல்லயே சொல்லியிருக்கணும். நீங்க பதில் எதிர்பார்க்கறீங்கன்னு எனக்குத் தோணல."

"எனக்கே தோணலையே," என்றாள் அவள்.

இருவரும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வண்டிகள் எந்தப் பக்கம் வந்திருக்கின்றன என்று ஊருக்கெல்லாம் தெரிவிக்கிற சேதி கதிர் பெயரிலேயே போகட்டும், கடைசியில் அவள் நம்பரோடு. நாளைக்கு உன் வயல் என்று சொல்வது ஒரு நாளைக்குச் சில பேருக்குத்தான். அதை அவள் தன் போனிலிருந்தே அனுப்புவாள்.

பெரியதம்பியின் மிச்ச வயலைக் காய்ந்த பிறகு தேவநாதனே போய்க் கூலி வாங்காமல் அறுத்துக் கொடுத்தார்.

பதில்கள் வர ஆரம்பித்தன. வயல் காய்ந்துவிட்டது, வரலாம். வழியில் மல்லாட்டைக் கடலை விதைத்திருக்கிறது, சுற்றி வரவும். ஒருவர் நாளைக்குப் பேத்திக்குக் காது குத்து என்று எழுதியிருந்தார். அதில் வயலைப் பற்றி ஒன்றுமே இல்லை. வண்டியை அன்றைக்கு அனுப்பலாமா, கூடாதா என்று புரியாமல், அம்சவள்ளி அந்த நம்பருக்குப் போன் போட்டாள்.