மாங்காய்க்கு எட்டு எழுத்து

எழுத்தை எண்ணத் தெரியாத ஒருவன், எழுதத் தெரிந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் அவனை என்னவென்று சொல்வது? என் மனைவியிடம் அதற்கொரு சொல் இருக்கிறது. அச்சில் போட முடியாது. அவன் நான்தான்.

கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு மாந்தோப்பு. அதில் கிடைக்கும் பிஞ்சுகளைக் கொண்டு அவள் போடும் வடுமாங்காய்க்கு அக்கம்பக்கத்தில் நல்ல பேர். பாலக்காட்டு மாம்பழக் கண்காட்சியில் அதற்கு ஒரு விற்பனை மேசை வாங்கிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. போன வருஷமே கிடைத்திருக்கும். விண்ணப்பத்தை நான் மெருகேற்றிக்கொண்டிருந்ததில் கடைசி நாள் போய்விட்டது.

இந்த வருஷமும் கடைசி நாள் வரை வந்துவிட்டோம். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். மலையாளப் படிவம். பொருளைப் பற்றி ஐந்நூறு அட்சரத்துக்குள் எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம் என்று ஒரு சலுகை. நான் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதி, விரல் விட்டு எண்ணினேன். முந்நூற்றுப் பத்து.

“இன்னும் எரநூறு எழுத்து மிச்சமிருக்குது புள்ள,” என்று மீசையைத் தடவினேன்.

படிவத்தில் ஒட்டினால் கடைசி வரி பாதியில் அறுந்து நின்றது. சந்தேகப்பட்டு, எழுத்து எண்ணித்தரும் இணையதளம் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் ஒட்டினேன். ஐந்நூற்று இருபத்து நான்கு என்றது. சோதித்துப் பார்க்க ‘மாங்காய்’ என்று மட்டும் அடித்தேன். எட்டு என்றது.

“மா, ங், கா, ய். நாலு! இதைச் செஞ்சவன் பள்ளிக்கோடமே போகல போல.”

அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, அது துணைக்காலைத் தனியா எண்ணுது, புள்ளியத் தனியா எண்ணுதுங்க. எட்டுதான் வருமுங்க. நடுவுல உடுற எடத்தையும் சேத்துக்குமுங்க.”

“புள்ளியெல்லாம் ஒரு எழுத்தா?”

“உங்க தமிழப் பத்தி அப்பறம் சண்டை போடுங்க. மணி நாலே கால். இருபத்தினால வெட்டுங்க.”

எதை வெட்டுவது? ‘தென்றல் தாலாட்டும் தோப்பின் தவப்புதல்வி’ என்று தொடங்கி வடுமாங்காயை நீளமாக வர்ணித்த முதல் வரிக்கே ஒரு மணி நேரம் செலவாகியிருந்தது. அதில் கை வைக்க மனசு வரவில்லை. அப்போதுதான் கண்ணில் பட்டது: அவள் சொல்லச் சொல்ல எழுதிய வரிகளில் எட்டு இடத்தில் ‘ங்க’. இணையதளத்தின் கணக்கில் ஒரு ‘ங்க’வுக்கு மூன்று. எட்டையும் நீக்கினேன். சரியாக ஐந்நூறு! சிவப்பு எண் பச்சையானது. கைதட்டினேன்.

அவள் வாங்கி உரக்கப் படித்தாள். “‘ஒரு வடு கடிச்சுப் பாரு. புடிச்சா வாங்கு. சந்தேகம் இருந்தா ஊட்டுக்கு வா.’ ஏனுங்க, ஊறுகா விக்கறனா, சண்டைக்குக் கூப்படறனா?”

“மரியாதை மனசுல இருந்தாப் போதும் புள்ள. எழுத்துல எதுக்கு?”

அவளே திருத்த ஆரம்பித்தாள். என் தவப்புதல்வி வரி முழுவதையும் ஒரே தட்டில் அழித்தாள். எட்டு ‘ங்க’வையும் திரும்பப் போட்டாள். அப்படியும் இடம் மிஞ்சியது. அதில் ‘வெயில் படாம ஒரு வருஷம் வெச்சுக்கலாமுங்க’ என்று உருப்படியான தகவல் ஒன்றைச் சேர்த்து, ஐந்து மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது அனுப்பினாள்.

மேசை கிடைத்தது. கண்காட்சி அலுவலகத்திலிருந்து ஃபோனில் சொன்ன அம்மாள், “எழுத்து நல்ல மரியாதையாயிட்டு இருந்நு,” என்று மலையாளத்தில் பாராட்டினாராம். அதை எனக்கு இரண்டு தடவை சொல்லிக் காட்டினாள்.

கண்காட்சிக்குக் கிளம்பும் காலையில் வாசலில் வண்டி நின்றது. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

“அந்த ஜாடியத் தூக்கு,” என்று குரல் வந்தது. “மெதுவா வை. மூடியப் புடி.”

கல்யாணமான நாளிலிருந்து ‘ங்க’ இல்லாமல் என்னிடம் அவள் பேசியதில்லை. ஜாடியைக் கட்டிக்கொண்டபடி கேட்டேன்:

“ஏம்புள்ள, ‘ங்க’ எங்க போச்சு?”

“எடம் பத்தல.”