பெர்னில்லாவும் ஸ்தூரேயின் தொலைந்த குரலும்

பெர்னில்லாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. அவள் எதிரே வருவது தெரிந்தால் சிலர் பூட்ஸ் நாடாவைக் கட்டுவது போலக் குனிந்துகொள்வார்கள், அவ்வளவுதான்.

ஸ்வீடனின் தென்கோடியில், ஸ்கோனேயில் பிறந்தவள். அங்கே போனில் இரண்டு நொடி சத்தம் வராவிட்டால் ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிடுவார்கள். வடக்கே எங்கள் ஊர்க்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். எங்கள் பக்கத்தில் 'ஆமாம்' சொல்லக் குரல்கூட வேண்டாம். உதட்டைக் குவித்து, மூச்சை 'ஷுப்' என்று உள்ளே இழுத்தால் முடிந்தது. கல்யாணத்துக்கே தன் கணவன் அப்படித்தான் சம்மதம் சொன்னான் என்கிறாள். பாதிரியார் உள்ளூர்க்காரர் என்பதால் செல்லுபடியானதாம்.

இப்படிப்பட்ட ஊரில் அவள் பிழைப்புக்கு எடுத்துக்கொண்டது போன் வேலை. அலுவலகங்களில் இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்களை மாட்டிக்கொடுப்பாள். மாட்டி முடித்த பிறகும் கிளம்ப மாட்டாள். எங்கள் வடக்கு வழக்கப்படி காபியில் சீஸ் துண்டுகளைப் போட்டு ஊறவைத்துக்கொண்டு, யார் அகப்படுகிறார்களோ அவர்களிடம் தன் மாமியாரைப் பற்றிப் பேசுவாள்.

அவள் போன் மாட்டிய இடங்களில் ஒன்று, காட்டு மரங்களை ஏற்றி அறுப்பு மில்லுக்குக் கொண்டுபோகும் லாரி கம்பெனி. என் தம்பி அங்கேதான் லாரி ஓட்டுகிறான். எந்த லாரி எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவன் ஸ்தூரே. மில்லில் மரம் வாங்கும் பொறுப்பு தெக்லாவுக்கு. இருவரும் வருஷக்கணக்காகத் தினமும் காலையில் போனில் பேசுகிறவர்கள். பேச்சு என்றால், எந்தக் காட்டிலிருந்து எத்தனை லோடு என்று தெக்லா சொல்வாள், ஸ்தூரே 'ஷுப்' என்பான், வைத்துவிடுவார்கள். இந்த உரையாடலுக்காகவே மில்லுக்கும் கம்பெனிக்கும் நடுவில், போன் கம்பெனி குறுக்கே வராத நேர் இணைப்பு ஒன்றை பெர்னில்லா போட்டுக்கொடுத்திருந்தாள்.

மார்ச்சில் மில் தன் இன்டர்நெட் பெட்டியை மாற்றியது. அன்றிலிருந்து தெக்லாவின் குரல் இங்கே வந்தது. ஸ்தூரேயின் குரல் அங்கே போகவில்லை. வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இங்கே வாரக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. தெக்லா லோடு சொன்னாள், மறுமுனை அமைதியாக இருந்தது, சரி என்று எடுத்துக்கொண்டாள், லாரி வந்தது. ஸ்தூரே முன்பைவிடப் பக்குவப்பட்டுவிட்டான் என்றுகூட அவளுக்குத் தோன்றியதாம்.

பிறகு பனி உருகி, காட்டுப் பாதைகள் அடியிலிருந்து இளகும் பருவம் வந்தது. மரம் ஏற்றிய லாரி போனால் பாதி சக்கரம் சேற்றில். தெக்லா வழக்கம்போல வடக்குக் காட்டிலிருந்து லோடு கேட்டாள். ஸ்தூரே அந்த வருஷத்தின் நீளமான வாக்கியத்தைச் சொன்னான்: "முடியாது தெக்லா, ரோடு இளகிடுச்சு, மேற்குக் காடுன்னா அனுப்பறேன்." அது போய்ச் சேரவில்லை, தெக்லா வழக்கம்போல வைத்துவிட்டாள். லாரி வரும் என்று காத்திருந்த மில்லில், மரம் இல்லாமல் ரம்பங்கள் நின்றன.

மறுநாள் தெக்லா கூப்பிட்டபோது பெர்னில்லா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வேறொரு மேசைக்குப் போன் மாட்ட வந்தவள், காபியில் இருந்தாள். ஸ்தூரே ஸ்பீக்கரைப் போட்டான்.

"ஏன் ஸ்தூரே, வரமுடியலன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மில்லு நின்னு போச்சு."

"நேத்தே சொன்னேனே! ரோடு இளகிடுச்சுன்னு!"

"இப்பக்கூட வாயத் திறக்க மாட்டியா?"

"கத்திக்கிட்டுத்தான் இருக்கேன் தெக்லா!"

"சரி. இதுக்கு மேல உனக்காக நான் வாதாட முடியாது. வெள்ளிக்கிழமை முதலாளி வேற லாரி கம்பெனியோட கையெழுத்துப் போடறாரு." வைத்துவிட்டாள்.

மில் போனால் அந்தக் கம்பெனிக்கு வேறு வேலை கிடையாது. என் தம்பிக்கும் கிடையாது. ஸ்தூரே ஒரு வாய் காபி குடித்தான்.

"கோபமா இருக்கா," என்றான்.

"கோபம் இல்ல மனுஷா, அவளுக்குக் கேக்கவே இல்ல! உன் குரல் அங்க போகல!"

"போகாமயா இத்தன நாளு லாரி போச்சு?"

"இத்தன நாளு நீ என்னத்தப் பேசின, போறதுக்கு?"

பெர்னில்லா தன் செல்போனில் தெக்லாவைப் பிடித்தாள். தெக்லா அசையவில்லை. "எங்க போன்ல ஊரே பேசுது, எனக்கு நல்லாக் கேக்குது. ஸ்தூரே மட்டும் ஊமையா? லோடு அனுப்பாதவங்க எல்லாரும் மெஷின் மேலதான் பழி போடுவாங்க. அதே லைன்ல அவன் குரல் வரட்டும், அப்பறம் பாக்கலாம்."

பெர்னில்லா தப்பே செய்யாதவள் இல்லை. முதலில் ஹெட்செட்டைச் சந்தேகித்து மாற்றினாள். பிறகு ஒயரை மாற்றினாள். பிறகு ஸ்தூரேயின் முகத்தைச் சற்று நேரம் சந்தேகமாகப் பார்த்தாள். கடைசியில்தான் லேப்டாப்பை மாட்டி, அவன் குரல் எந்தப் பக்கம் போகிறது என்று பின்தொடர்ந்தாள்.

இன்டர்நெட் போனில் மணி அடிப்பது ஒரு வழி, குரல் போவது இன்னொரு வழி. மணி அடிக்கும்போதே இரண்டு பக்கமும் 'குரலை இந்த விலாசத்துக்கு அனுப்பு' என்று சொல்லிக்கொள்ளும். மில்லின் பழைய பெட்டி, வெளியிலிருந்து வந்து சேரக்கூடிய விலாசத்தைச் சொன்னது. புதுப்பெட்டி, மில்லுக்குள் மட்டும் செல்லுபடியாகும் உள்விலாசத்தைச் சொன்னது. 'மாடிப்படிக்குப் பக்கத்து அறை' என்று எழுதிக் கொடுத்த மாதிரி. எல்லாக் கட்டடத்திலும்தான் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை இருக்கிறது. லாரி கம்பெனியிலும் அதே எண்ணில் ஓர் உள்விலாசம் இருந்தது. குரல் வாசலைத் தாண்டாமல் அங்கேயே போய் நின்றது. மற்றவர்கள் பேசும்போது போன் கம்பெனி நடுவில் நின்று விலாசத்தைத் திருத்திவிடும், இந்த நேர் இணைப்பில் திருத்த ஆளில்லை.

"ஸ்தூரே, நீ இத்தன நாளா உங்க பிரிண்டர்கிட்ட பேசிக்கிட்டு இருந்திருக்க."

ஸ்தூரே திரும்பிப் பிரிண்டரைப் பார்த்தான். "அதுவும் ஒண்ணும் சொல்லல," என்றான்.

லாரி கம்பெனியில் தான் வைத்த போன் பெட்டிக்கு பெர்னில்லா ஒரு புது உத்தரவு கொடுத்தாள்: அவர்கள் சொல்லும் விலாசத்தை நம்பாதே, அவர்கள் குரல் எந்த வாசல் வழியாக வருகிறதோ, அதே வாசலுக்குப் பதிலை அனுப்பு. பிறகு அதே லைனில் தெக்லாவை அழைத்து, போனை ஸ்தூரேயிடம் தள்ளினாள்.

"பேசு!"

"என்னத்த?"

"எதையாவது! உங்க வேலை போகப்போகுதுய்யா!"

ஸ்தூரே தொண்டையைச் செருமினான். "தெக்லா. நான்தான்."

மறுமுனையில் ஒன்றுமில்லை. பெர்னில்லா லேப்டாப்பை மறுபடி எட்டி இழுத்தாள்.

"ஸ்தூரே," என்றாள் தெக்லா மெதுவாக. "குரல் ஏன் இப்படிக் கம்மியிருக்கு? உடம்பு சரியில்லையா?"

அதன் பிறகு ஸ்தூரே பேசிய பேச்சை அவன் அம்மாகூடக் கேட்டிருக்க மாட்டாள். வடக்குப் பாதை எங்கே புதைகிறது, மேற்குப் பாதை விடியலில் உறைந்திருக்கும்போது தாங்கும், வெயில் ஏறுமுன் லாரியைத் திருப்பிவிடலாம், அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன் என்று கொட்டித் தீர்த்தான். தெக்லா குறுக்கே வராமல் கேட்டாள்.

"மேற்கு லோடு நாளைக்கே வருமா?"

"வரும்."

"அனுப்பு. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்."

விடியலில் என் தம்பியின் லாரிதான் முதலில் போனது. வெள்ளிக்கிழமை கையெழுத்து எதுவும் நடக்கவில்லை.

அடுத்த வாரம் பெர்னில்லாவின் வாசலில் பிளந்த பிர்ச் மர விறகு ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. கதவுக் கைப்பிடியில் கடமான் இறைச்சிப் பைகள் தொங்கின. சாய்ந்திருந்த வேலியை யாரோ நிமிர்த்தியிருந்தார்கள். யாரும் அழைப்பு மணியை அழுத்தவில்லை. கடையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஆளாவது வாயத் திறந்து நன்றின்னு சொன்னானா? ஃப்ரீசர் மூட மாட்டேங்குது!"

விறகை அடுக்கியவன் என் தம்பி. அவன் சொல்ல மாட்டான், அதனால் நான் எழுதிவைக்கிறேன்: நன்றி, பெர்னில்லா. மனசார. பதில் சொல்லக் கூப்பிட்டுவிடாதே, மதியத்துக்கு மேல் எனக்கு வேலை இருக்கிறது.