துப்பாக்கிப் பங்கு

எங்கள் வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. மாமனார் வாங்கி வைத்தது. குழல் வழியாக மருந்தும் ஈயக் குண்டும் போட்டுக் கெட்டித்துச் சுடுவது. மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் சாமைக்காடு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. கதிர் பால் பிடிக்கும்போது பன்றி இறங்கும். தகரம் தட்டினால் முதலில் ஓடும், பிறகு அதற்கும் பழகிவிடும். ஒரு வெடி போட்டால்தான் அந்தப் பக்கம் தலை வைக்காது. துப்பாக்கி இருந்தால் வருசத்துக்கும் சோறு, இல்லாவிட்டால் காட்டுக்கிழங்கு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைக்காரர்கள் வேட்டைப் பெருமைக்குத் துப்பாக்கி வைத்திருந்தார்கள் என்று கீழ்நாட்டில் இன்றைக்கும் பேசுகிறார்கள்.

அது சண்டைக் காலம். சப்பான்காரன் வரப்போகிறான் என்று ஒரே பேச்சு. தோட்டத்துத் துரை பழைய பட்டாளத்துக்காரர். லைசென்ஸ் வைத்திருக்கிற ஆண்கள் எல்லாம் சனி, ஞாயிறு தோட்டத்துக்கு வந்து ரைபிள் சுடப் பழக வேண்டும், வராதவனுக்கு லைசென்ஸ் இல்லை என்று ஆள் விட்டுச் சொன்னார். காலையில் சுடுவது, மத்தியானம் சரித்திரப் பாடம். சரித்திரம் எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. நெல்லுச்சோறு போடுகிறார்கள் என்றதும் யாரும் கேட்கவும் இல்லை. சோறாக்க எங்களில் சில பெண்களைக் கூப்பிட்டார்கள். அதனால் நடந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்தது, யாரும் சொல்லிக் கேட்டதல்ல.

சனிக்கிழமை ஆண்களைத் தரையில் குப்புறப் படுத்துச் சுடச் சொன்னார்கள். நின்றபடி, மரத்தில் சாய்ந்து சுட்டுப் பழகியவர்கள் எங்கள் ஆட்கள்.

"இப்படிப் படுத்துக் கெடந்தா பன்னி நம்ம முதுவு மேல ஏறிப் போயிருமுங்க" என்றார் என் வீட்டுக்காரர். அவர் வாய் அப்படி.

மத்தியானம் பலாமரத்தடியில் பாடம். துரை இங்கிலீசில் சொல்ல, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார். அடிவாரத்து ஆள். எங்களை 'டா' போட்டுத்தான் பேசுவார்.

"கேளுங்கடா. இந்த மலைய ஆண்ட ராசா பெரிய வில்லாளி. ஒரே அம்புல யானையும் புலியும் விழுமாம். அவனைச் சண்டையில கொன்னுட்டாங்க. அதோட இந்த மலைக்குச் சொந்தக்காரன் எவனும் கெடையாது. நீங்கல்லாம் பின்னால காஞ்சிப் பக்கமிருந்து ஏறி வந்தவனுங்க. அதனால சோலை சர்க்காரோடது, மரம் சர்க்காரோடது. உங்க கையில இருக்கற துப்பாக்கி சர்க்கார் போட்ட பிச்சை."

காஞ்சியிலிருந்து வந்தோம் என்று எங்கள் பெரியவர்களே சொல்வார்கள். அதில் எங்களுக்கு வெட்கமில்லை. வந்தவர்கள் கல்லும் முள்ளும் பெயர்த்துத்தான் தின்றார்கள். நாங்கள் பெருமையாகச் சொல்லும் கதையை எடுத்து எங்கள் வாயிலேயே அடைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

"ஒரு சந்தேகமுங்க கணக்கப்பிள்ளை. தொரை எந்தப் பக்கமிருந்துங்க ஏறி வந்தாரு?"

அத்தனை பேரும் சிரித்தோம். அடுப்பங்கரையில் நாங்களும் சிரித்தோம். துரை என்னவென்று கேட்க, கணக்கப்பிள்ளை இங்கிலீசில் ஏதோ சொன்னார். துரையும் சிரித்தார். கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பும்போது, "உங்க வாய் சும்மா இருக்காதுங்களா?" என்றேன்.

"கேள்விதானே புள்ள கேட்டேன். பாடம்னா கேள்வி கேக்கக் கூடாதா?"

மறுநாள் சுட்டு முடித்து ரைபிள்களைக் கீழே வைத்தார்கள். உடனே எங்கள் ஆட்கள் இடுப்புக் கத்தியோடு, குறி வைத்திருந்த எதிர் மேட்டுக்குப் போய், மண்ணில் புதைந்த குண்டுகளை நோண்ட ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் ஈயம் லேசில் கிடைக்காது, மலை இறங்கிச் சந்தைக்குப் போக வேண்டும். அதனால் சுட்டவன் பன்றியின் உடம்பிலிருந்தோ மரத்திலிருந்தோ குண்டை நோண்டி எடுத்து, உருக்கி, மறுபடி வார்ப்பான். எடுக்காமல் வருகிறவனைப் பொறுப்பில்லாதவன் என்று ஏசுவார்கள். யாரும் ஒளித்துச் செய்யவில்லை. பட்டப்பகலில், துரைக்கு முன்னாலேயே நோண்டினார்கள்.

கணக்கப்பிள்ளை துரையின் காதில் பேசிவிட்டுக் கையை நீட்டினார். நோண்டியது எல்லாரும், விரல் நீண்டது என் வீட்டுக்காரர் பக்கம் மட்டும்.

"திருட்டா?" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

இவர் குண்டுகளை முடிந்திருந்த துண்டை அவிழ்த்துக் காட்டினார். "திருடறவன் இத்தனை பேரு பாக்கவா நோண்டுவானுங்க? சுட்டவன் குண்டை எடுக்கறது எங்க வழக்கமுங்க. வேண்டாம்னா நீங்களே வச்சுக்குங்க."

கணக்கப்பிள்ளை அதை என்னவாக மாற்றிச் சொன்னாரோ, துரையின் முகம் இறுகிப்போனது. அந்த வாரமே தோட்டத்து ஆட்கள் வந்து எங்கள் துப்பாக்கியை எடுத்துப் போனார்கள். அதைத் தோட்டத்துக் காவல்காரனிடம் கொடுத்தார் துரை. அவன் எனக்குக் கொழுந்தன் முறை.

அந்த வருசம் பன்றி சாமையை உழுது போட்டது. இவர் காட்டுக் காவல் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம். விதைத்தது கூடத் திரும்பவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அந்தக் கொழுந்தன் இலையில் சுற்றிய பன்றித் தொடையோடு வந்தான். எங்கள் வழக்கப்படி யார் சுட்டாலும் ஒரு தொடை துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும்.

"துப்பாக்கிப் பங்குங்க அண்ணி."

இவர் கையை நீட்டிவிட்டார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"துப்பாக்கி யாரோடது தம்பி?"

"உங்களோடதுதானுங்க."

"அப்பத் துப்பாக்கியோட வாங்க, வாங்கிக்கறேன். இல்லாட்டி வச்சிருக்கற தொரைக்குக் கொண்டு போய்க் குடுங்க."

"தொரை இதைத் தொட மாட்டாருங்க. கணக்கப்பிள்ளைதான் திம்பாரு."

"தின்னட்டும்."

"சட்டி காலியாக் கெடக்குது புள்ள" என்றார் இவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"கெடக்கட்டுமுங்க. ஊருக்கு முன்னால திருடன்னு சொல்லிப் புடுங்கிட்டுப் போனாங்க. இப்பக் கறியை வாங்கித் தின்னா, அதுக்குச் சரின்னு சொன்ன மாதிரி ஆயிரும்."

கொழுந்தன் தொடையைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றைக்கும் கிழங்குதான். இவர் என்னோடு வெகு நாள் பேசவில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

துப்பாக்கி திரும்பி வரவே இல்லை. தோட்டத்தில் வெடி கேட்கும்போதெல்லாம், "நம்முளுது" என்பார் இவர். சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியும். சொல்லிவிட்டுத் தகரத்தை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்த வெடிக்குப் பயந்த பன்றிகள் தோட்டத்தை விட்டு எங்கள் சாமைக்குத்தான் இறங்கும்.