ஒரு கைக்கு டப்பா, மறு கைக்குப் பாகு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் குலாப் ஜாமூனுக்குப் பாகு காய்ச்சினாள். கட்டி தட்டாமல் இருக்க அதில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள் பாருங்கள், அந்த வாசனை வந்ததும் என் கை தானாகப் புடவைத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. "இன்னாம்மா, குளுருதா?" என்றாள். விழுப்புரத்தில், அதுவும் மே மாதத்தில், யாருக்குக் குளிரும்? சூடான சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்ந்தால் ஊருக்கெல்லாம் நாக்கில் நீர் ஊறும். எனக்கு மட்டும் கை எரியும்.

திண்டிவனத்தில் நான் வேலை பழகிய பார்லர் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பின்பக்கப் படிக்கட்டுதான் வழி. வருகிற பெண்களுக்கு அந்தப் படிக்கட்டு ரொம்பப் பிடிக்கும். கையில் ஒரு தாளோடு ஜெராக்ஸ் எடுக்க வந்ததுபோல நின்று, சட்டென்று மேலே ஏறிவிடுவார்கள். ரேஷன் கார்டை விடாமல் பிடித்தபடியே வேக்சிங் செய்துகொண்ட டீச்சர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர்களைச் சொல்லி என்ன, நானே ஒரு திருட்டுப் பூனை. ஒலக்கூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறிய நான், வீட்டில் டைலரிங் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருந்தேன். அடுத்தவர் உடம்பு முடியை எடுக்கிற வேலை என்று தெரிந்தால் அப்பா வாசலைத் தாண்ட விடமாட்டார். "அங்க போயி இன்னா புடுங்குற?" என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம் எனக்குத் திக்கென்று இருக்கும். பாவம், அது அவன் எல்லாரையும் கேட்கிற கேள்விதான்.

அப்போது வேக்ஸை இழுக்கக் காகிதப் பட்டையெல்லாம் கிடையாது. பழைய ஜீன்ஸ் பேண்ட்டை நீளநீளமாக வெட்டி வைத்திருப்போம். வேக்ஸ் தடவிய கையில் ஒரு துண்டை ஒட்டி, ஒரே இழுப்பு. பிறகு சுடுதண்ணீரில் அலசி மறுநாளும் அதே துண்டுகள். பார்லரில் தண்ணீர் வராத நாட்களில் வீட்டுக்கு எடுத்துப் போவேன். தையல் கிளாஸ் வெட்டுத்துணி என்று சொன்னதை நம்பி அம்மா அலசிக் கொடியில் போடுவாள். பொய்க்கு ஆதாரமே கொடியில் தொங்குகிறதே என்று என் மூளையை நானே மெச்சிக்கொள்வேன்.

வேக்ஸ் டப்பாவில் வரும். மேலே கொழுகொழுவென்று ஒரு தேனீ படம். அந்தத் தேனீதான் என்னைக் கொட்டியது.

மேல்சித்தாமூர் பக்கம் ஒரு நயினார் வீட்டுக் கல்யாணம். சமணக் குடும்பம். பார்லர் நடத்திய அக்காவுக்கு அன்றைக்கே புதுச்சேரியில் வேறொரு கல்யாணம். "நீ தனியா போ. நல்லபடியா முடிச்சிட்டா இனிமே பொண்ணு வூட்டுக்கெல்லாம் நீயே போலாம். சொதப்பிட்டு வந்தீன்னா துணி அலசறதோட நின்னுக்கோ," என்று சொல்லி அனுப்பினார்.

பெண்ணின் வலது கை பளபளவென்று முடிந்தது. இடது கைக்கு வேக்ஸை எடுத்தபோது, பெண்ணின் அம்மா எனக்குக் காபி கொண்டுவந்தார். டப்பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது இன்னா, தேனா?"

"படம் போட்டிருக்காங்கம்மா..."

"படத்த கேக்கல. உள்ள தேன் இருக்குதா இல்லியா? நாங்க தேனத் தொடமாட்டோம்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாது. தேனீக்களுக்குத் தீங்கு என்று தேனையே விலக்கிய வீடு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டப்பாவில் இருந்த ஆங்கிலமும் எனக்கு எட்டவில்லை. வெறும் சர்க்கரைதான் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பொய்யில் நல்ல பழக்கம் இருந்த காலம். ஆனால் அந்த அம்மா மகள் கையைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "தெரியலைங்கம்மா," என்று சொல்லி டப்பாவை மூடிவிட்டேன்.

பெண் அழ ஆரம்பித்தாள். அழமாட்டாளா? ஒரு கை அறுத்த கேப்பைக்கொல்லை, மறு கை அறுக்காத கேப்பைக்கொல்லை. விடிந்தால் முகூர்த்தம்.

"சர்க்கரையும் நாலு எலுமிச்சம்பழமும் குடுங்கம்மா. நான் காய்ச்சிடறேன்."

துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு முன் ஒரே ஒரு தடவை, டிவியில் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லாதபோது காய்ச்சியிருக்கிறேன். அது இளகலாகப் போய், காலில் அப்பிக்கொண்டு வர மறுத்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எறும்புகளுக்குத் தெரிந்திருந்தது, வரிசையாக வந்தன. பாகு இன்னும் கொஞ்சம் காய வேண்டும் என்பது மட்டும் அன்று எனக்குப் புரிந்தது.

அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்த பெண்கள் எனக்கு ஓர் அடுப்பை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். எந்த நிறம் வரணும் என்று ஒருத்தி கேட்டாள். தேன் நிறம் என்று சொல்ல வாயெடுத்து, "டீ நிறம்க்கா," என்றேன். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டினேன். உருண்டது.

ஆறியதும், "மொதல்ல உன் கையில போடு, பாப்போம்," என்றார் பெண்ணின் அம்மா.

அத்தனை பேர் கையை வழித்த நான், என் கையில் ஒருநாளும் போட்டுக்கொண்டதில்லை. பயம்தான். எல்லாரும் பார்க்க, துண்டை ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். உயிர் உச்சந்தலைவரை போய்த் திரும்பியது. ஆனால் சத்தம் போடவில்லை. துண்டைத் திருப்பிக் காட்டினேன். அத்தனையும் வேரோடு வந்திருந்தது.

பெண்ணின் இடது கை பத்தே நிமிடத்தில் முடிந்தது. அம்மா மகளின் வலது கையை மட்டும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். இரண்டு கைகளையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் தன் கையை என் முன் நீட்டினார். "மீதி இருக்குதில்ல? எனக்கும் போடு."

அன்று மொத்தம் ஏழு பேர். அந்தப் பாகு தீரும்வரை நான்தான் அந்த வீட்டு ராணி.

அதே வேகத்தில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் நின்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா தட்டைத் தள்ளினார். அம்மா அதை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கு எப்பவோ தெரியும். எந்தத் தையக்காரி துணியில இவ்ளோ முடி இருக்கும்? நான்தான அலசிக்கினு இருக்கேன். அது ஒழைச்சுதான சம்பாதிக்குது. நீ சாப்புடு."

அப்பா சாப்பிட்டார்.

திண்டிவனத்து மாடியையும் பின்பக்கப் படிக்கட்டையும் இப்போது இடித்துவிட்டார்கள். விழுப்புரத்தில் என் சொந்தக் கடையின் போர்டில் 'வேக்சிங்' என்று ரோட்டிலிருந்தே தெரியும்படி எழுதிவைத்திருக்கிறேன். பெண்கள் முன்வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். அம்மாக்களே ஷேர் ஆட்டோவில் கூட்டிவந்து விடுகிறார்கள். எல்லாம் காகிதப் பட்டைதான், இழுத்ததும் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. துவைக்கிற வேலையே இல்லை. என் பொய்யை அலசிப் பிழிந்து காயப்போட்டவளும் இல்லை.