கை வைக்காத படம்

மைசூரில் கல்யாணத்துக்குக் காத்திருந்த கறுத்த பெண்களில் பாதிப் பேரையாவது வெளுத்துவிட்டவள் நான். பெருமையடிக்க இதைச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எனக்கு அதுதான் வேலை. மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவில், கண்ணாடி நெகட்டிவ்களுக்குக் கை வைத்துத் தருவேன். 'கை வைப்பது' என்றுதான் நாங்கள் சொல்வோம். முகப்பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே குழி, எல்லாம் என் பென்சிலுக்கு அடங்கிவிடும். ஆனால் முக்கால்வாசிப் பேர் கேட்டு வந்தது நிறம்.

நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். வெள்ளைப் புடவை கறுப்பாகத் தெரியும், கறுத்த முகம் வெளிச்சமாகத் தெரியும். படத்தில் முகம் சிவப்பாக விழ வேண்டுமென்றால் கண்ணாடியில் அந்த இடத்தில் பென்சிலால் கறுப்பேற்ற வேண்டும். ஊசி முனையாகச் சீவிய பென்சில், சாய்வு மேசை, பூதக்கண்ணாடி. புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு முகத்துக்கு அரை நாள் ஆகும். என் சொந்த நெகட்டிவை முதல் தடவை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது துரைசானி மாதிரி இருந்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு வெகுநேரம் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஸ்டூடியோக்காரர் கன்னடக்காரர், நல்ல மனிதர். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்ததால்தான் என்னை வேலைக்கு வைத்தார். எந்தப் பெண் வந்து உட்கார்ந்தாலும் காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்ததும் என்னைப் பார்த்து, "ஸ்வல்ப பெள்ளகெ மாடம்மா" என்பார். கொஞ்சம் வெளுப்பாகச் செய்யம்மா என்று அர்த்தம். அந்தப் பெண்ணின் காது கேட்கத்தான் சொல்வார். டாக்கி என்று பேசும் படம் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம். நடிகைகளின் படம் போட்ட அட்டையைக் கையிலேயே கொண்டுவந்து, "இந்த மாதிரி வருமா?" என்று கேட்பார்கள். வரும் என்பேன். அந்த நடிகைக்கும் எங்கேயோ ஒருத்தி உட்கார்ந்து பென்சில் போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதை யாரிடம் சொல்ல? சொன்னால் என் பிழைப்புப் போய்விடும்.

லஷ்கர் மொகல்லாவில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா. அக்கா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். அக்கா கறுப்பு. நான் அவளைவிட ஒரு படி கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்டுகள் அம்மாவிடம், "மூத்தவ கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள். அந்த 'இருந்தாலும்' கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். களை என்பது கறுப்புக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசா என்ன? சிவத்த பெண்ணைப் பார்த்து யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அக்காவுக்கு முதலில் வந்த வரன் தங்கவயலிலிருந்து. அப்போது நான் தொழில் கற்ற புதிது. என் திறமையெல்லாம் காட்டி அக்காவின் முகத்தைப் பால் மாதிரி ஆக்கி அனுப்பினேன். அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. பையன் வீட்டார் ஜட்கா வைத்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். அக்கா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். பையனின் தாயார் படத்தை எடுத்து, ஜவுளிக்கடையில் நூல் நிறம் பொருத்திப் பார்ப்பது போல அக்காவின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

"படத்துல இருக்கிற பொண்ணு உள்ள இருக்காளா?"

அக்கா தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். அவர்கள் கேக்கையும் முறுக்கையும் மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுத்தான் போனார்கள். அக்கா தட்டைக் கழுவும்போது, "இனிமே படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை.

அப்புறம்தான் சாமராஜநகர் வாத்தியாரின் கடிதம் வந்தது. எங்கள் கோயில் உபதேசியார் மூலமாக வந்த இடம். சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம், நம் தமிழ்க்காரர். கடிதத்தோடு தன் படத்தையும் வைத்திருந்தார். நல்ல கறுப்பு, மூக்கில் ஒரு பரு. அந்தப் பருவைக்கூட யாரும் தொடவில்லை. எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. கடிதத்தில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: தன் அக்காவின் படத்தைத் திருத்தி அனுப்பி, பார்க்க வந்தவர்கள் வாசலோடு திரும்பிப் போன வீட்டில் பிறந்தவர் அவர். அந்த அவமானம் தனக்கும் வேண்டாம், இன்னொரு பெண்ணுக்கும் வேண்டாம். ஆகவே பெண்ணின் படத்தைக் கை வைக்காமல் அனுப்பினால் போதும். வேறு எதுவும் தாம் கேட்கப் போவதில்லை.

அக்கா அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைப்பாள், எடுப்பாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. "என்னடீ, பருவோட நிக்கிற மாப்பிள்ளை மேல இவ்வளவு மயக்கமா?" என்று சீண்டினேன். "போடி கழுதை" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்தோஷம் அவளுக்கு எவ்வளவு புதிதாக இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சனிக்கிழமை ஸ்டூடியோவுக்கு வந்தாள். கூரையில் கண்ணாடி போட்ட அறை அது, பகல் வெளிச்சத்தில்தான் படம் எடுப்போம். அரண்மனைப் படிக்கட்டு எழுதிய திரையை ஸ்டூடியோக்காரர் இறக்கப் போனார், வேண்டாம் என்றாள். பவுடர் டப்பாவை நீட்டினார், அதையும் வேண்டாம் என்றாள்.

"அவர் என் மூஞ்சியத்தான் சார் கேட்டிருக்கார்."

ஸ்டூடியோக்காரர் வழக்கம்போல என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீ கைய வைக்கக்கூடாது. சத்தியம் பண்ணு."

"இல்லக்கா."

"தலைல அடிச்சு சத்தியம் பண்ணுடீ."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள், முடி சூடாக இருந்தது.

திங்கட்கிழமை அந்தக் கண்ணாடி என் மேசைக்கு வந்தது. அப்படியே பிரிண்ட் போட்டு அனுப்பியிருக்க வேண்டியதுதான். ஒரு தடவை பார்க்கலாம் என்று மேசையில் வைத்தேன். இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு ஒன்று, பச்சைப் பயறு அளவு. ஆம்பளைகள் கடிதத்தில் ஆயிரம் எழுதுவார்கள், நேரில் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று நினைத்தேன். தங்கவயல்காரியின் கை நினைவுக்கு வந்தது. இந்த ஒரு தழும்புதானே, நிறத்தைத் தொட வேண்டாம் என்று பென்சிலை எடுத்தேன். தழும்பை மூடியதும் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரிந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் இழைத்தேன். அப்புறம் அந்தக் கன்னத்துக்கு இந்தக் கன்னம் ஒத்துப்போகவில்லை. கண்ணுக்குக் கீழே கொஞ்சம். வாய் ஓரத்தில் ஒரு கோடு இருந்தது, வயசைக் கூட்டிக் காட்டியது, அதையும் எடுத்தேன். மணி அடித்து நிமிர்ந்தபோது முழு முகமும் முடிந்திருந்தது. இரண்டு படிதான் வெளுத்திருந்தேன், பால் மாதிரியெல்லாம் இல்லை. பாசத்தில் செய்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன். பயத்தில் செய்தேன் என்று இப்போது சொல்வேன். பிரிண்டை உறையில் போட்டு ஒட்டி நானே தபாலில் சேர்த்தேன். அக்கா பார்க்கக் கேட்டாள். "ராசிக்கு ஆகாது, அவர் பார்க்கட்டும் முதல்ல" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

அவர் அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்தார். உபதேசியார் கூட வந்தார். அக்கா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு பொட்டுப் பவுடர் இல்லாமல் வந்து நின்றாள். தலையைக் குனியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு குறையும் இல்லை, நான் சத்தியமாகச் சொல்கிறேன். அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறகு ஏதோ யோசித்தவர் போலச் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தார். பார்த்தார். மறுபடியும் அக்காவின் இடது கன்னத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, இந்தப் படத்துல கை வச்சிருக்குதுங்களா?"

"இல்லீங்க" என்றாள் அக்கா. பட்டென்று, மணி மாதிரி வந்தது குரல்.

"அந்தத் தழும்பு இதுல இல்லீங்களே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவருக்குப் புரிந்தது வேறு. இந்தப் பெண் முகத்துக்கு நேரே பொய் சொல்கிறாள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் நான் எழுந்து, 'செய்தது நான், அவளுக்குத் தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பாழாய்ப்போன நாக்கு! வாழ்நாள் முழுக்க ஓயாமல் பேசிய இந்த நாக்கு, பேச வேண்டிய ஒரே நாளில் பேசவில்லை.

அவர் படத்தை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"நெறத்தைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஒண்ணே ஒண்ணுதானுங்க கேட்டேன்."

காப்பியைத் தொடாமல் போனார். உபதேசியார் அம்மாவைப் பார்த்துக் கையை விரித்துவிட்டு அவர் பின்னால் ஓடினார்.

அக்கா கத்துவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எங்கெங்க வச்சே?"

"அக்கா..."

"தொட்டுக் காட்டு."

கையைப் பிடித்து இழுத்துத் தன் முகத்தில் வைத்தாள். தழும்பைத் தொட்டேன். கண்ணுக்குக் கீழே தொட்டேன். நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம். கடைசியாக வாய் ஓரம்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"ஒரு கோடு."

"சரி" என்று எழுந்து போனாள்.

அவருக்கு உண்மையை எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்தேன், எழுதிக் கிழித்தேன். என்னைக் கேவலமாகக் காட்டாத ஒரு வாக்கியத்துக்காக இரண்டு மாதத்தை ஓட்டினேன் என்றால் நம்புவீர்களா? ஒருவழியாக எழுதி முடித்து, அவர் கையிலேயே சேர்க்கச் சொல்லலாம் என்று உபதேசியாரிடம் போனேன். "எதுக்கும்மா இப்ப? அவருக்கு நஞ்சன்கூட்டுல பொண்ணு பாத்தாச்சு. கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு" என்றார். கல்யாண அறிவிப்பின் மூன்றாவது ஓலையும் வாசித்துவிட்டால் அடுத்தது தாலிதான். கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

அக்கா பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அரிசி இருக்கா, மழை வருமா, அம்மாவுக்கு மருந்து கொடுத்தியா, எல்லாம் பேசினாள். படம் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எடுக்கும் குரூப் படத்தில்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவிட்டு விலகிப் போய்விடுவாள். நான் மட்டும் தினமும் மேசையில் உட்கார்ந்து ஊரார் வீட்டுப் பெண்களை வெளுத்துக்கொண்டிருந்தேன். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

உலக யுத்தம் நடந்த காலத்தில் கண்ணாடிக்குப் பஞ்சம் வந்தது. பழைய நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவினால் ஜன்னலுக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருந்தது. ஸ்டூடியோக்காரர் பெட்டி பெட்டியாக இறக்கிக் கொடுத்தார். வெந்நீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகக் கழுவினேன். அக்கா வந்தாள், நாலாவது பெட்டியில்.

அதைத் தொட்டியில் போட முடியவில்லை. பஞ்சில் டர்ப்பன்டைன் தொட்டு என் பென்சிலையெல்லாம் துடைத்தேன். நான் அரை நாள் வைத்தது ஒரு நிமிஷத்தில் பஞ்சுக்கு வந்துவிட்டது. பிரிண்ட் போடும் காகிதத்தோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி வெயிலில் வைத்தேன். வெயில் ஏற ஏற அக்கா கறுத்துக்கொண்டே வந்தாள். தழும்பு வந்தது. பிறகு வாய் ஓரத்தில் அந்தக் கோடு வந்தது.

அது வயசுக் கோடு இல்லை. சிரிப்பு. அடக்கி வைத்தும் அடங்காமல் ஓரத்தில் வந்து நின்ற சிரிப்பு. தன்னையே கேட்ட ஒருவருக்காக முதல் தடவையாகப் பயமில்லாமல் காமிராவைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவு முகங்களைப் பார்த்த நான் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அதைச் சுருக்கம் என்று எடுத்திருக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்தேன். மன்னிப்புக் கேட்க நாலைந்து வார்த்தை தயார் செய்திருந்தேன். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். அதற்குள் அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"நல்லாத்தானேடீ இருக்கா" என்றாள். "இவள அனுப்பியிருக்கலாமே."